தேதி மட்டும் பிறகு

பத்துக்கு எட்டு அடி.
நாலு பக்கமும் கயிறு கட்ட ஓட்டை.
கூட்டப்பனைக் கோயில்பிள்ளை தொபியாஸ்
ஐநூறு ரூபாய் முன்பணம் வைத்துவிட்டுச் சொன்னார்:
"எல்லாம் போட்டு வச்சிரு தம்பி.
தேதி மட்டும் பிறகு."

சாகாதவருக்கு அஞ்சலி அடிப்பது
எனக்குப் புதிதில்லை.
கட்சிக்காரர் ஒருவர் மூன்று மாதம்
என் கணினிக்குள் செத்துக் கிடந்தார்,
பிறகு எழுந்துபோய் ஓட்டுக் கேட்டார்.
ஆனால் போப்பு இதுதான் முதல்.
பாப்பரசரா திருத்தந்தையா என்று கேட்டதற்கு
சாமியாரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.
திருத்தந்தை.

வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தலை.
வெள்ளை மேகத்தில் வைத்தால் ஆளே தெரியவில்லை.
மேகத்தை நீலமாக்கினேன்.
புறா பழைய ஃபைலில் கிடந்தது:
ஒரு கொலைக்குப் பிறகு நடந்த சமாதானப் பேரணிக்கு அடித்தது.
மறைவு என்று போட்டு
பக்கத்தில் புள்ளிக்கோடு விட்டேன்.

வள்ளியூரில் ராதாபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்
வெயிலுக்குக் கடைக்குள் ஒதுங்குவார்கள்.
திரையைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது.
"போயிட்டாவளா?"
"இல்ல. நேத்து எந்திரிச்சு உக்காந்தாராம்."
"லீவு விடுவானா வே?"
அதைக் கேட்டவர் வாத்தியார்.
கருவாட்டு வியாபாரி மைதீன் பிச்சை
ஆருக்கா இருந்தாலும் மூச்சு முட்டுறது கொடுமைதாம் என்று
தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.
சி.எஸ்.ஐ. டீச்சர் செல்வஜெபா
"எங்களுக்கு அவரு கிடையாது" என்றார்,
கொஞ்சம் நின்று, "வயசான மனுசன்" என்றார்.
மீன் தரகர் மட்டும் கணக்குப் போட்டார்:
"திங்கக்கிழமை போனார்னா ஏலம் படுத்துரும்.
ஞாயித்துக்கிழமைன்னா நல்லது,
அன்னைக்கு எப்படியும் எவனும் கடலுக்குப் போவமாட்டான்."

கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவர்கள்
புதன்கிழமை வரைக்கும் அவரைக் காப்பாற்றச் சொல்லி
மாதாவுக்கு நேர்ந்திருந்தார்கள்.
வியாழக்கிழமையைப் பற்றி
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கித்தேரி வந்தது ஜெராக்ஸுக்கு.
காப்பீட்டு அட்டை, ரெண்டு பக்கமும், மூன்று செட்.
வீட்டுக்காரர் கயித்தான் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
பதினோரு நாளாய்.
"அதே சீக்குதாம்" என்று திரையைக் காட்டினாள்,
"ரெண்டு பக்க நுரையீரலும்.
அவருக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போவுதுன்னு
நியூஸ்ல சொல்லுதான்.
இவுகளுக்கு எவ்வளவுன்னு நர்சம்மாகிட்ட கேட்டேன்,
வள்ளுன்னு விழுதா."

கோயிலில் தினமும் அம்பத்துமூணு மணி செபம்
போப்புக்காக நடக்கிறதாம்.
"நடுவுல நானும் இவுக பேரைச் சொருவிக்கிடுவேன்.
தெரிஞ்சாலும் அவரு கோவிச்சிக்கிட மாட்டாரு."
சில்லறை எண்ணி வாங்கிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் தொபியாஸ் கூப்பிட்டார்.
கண்ணைத் திறக்காமலே கேட்டேன்:
"தேதி இன்னைக்குத்தானே?"
"இன்னைக்குத்தாம். ஆனா ஆளு அவரு இல்ல."

நாலுக்கு மூன்று போதும் என்றார்.
மீனவர் அடையாள அட்டையில் இருந்த படம்,
முறைத்துப் பார்க்கிற படம்,
அதைவிட்டால் வேறு இல்லை.
போப்பின் ஃபைலை இன்னொரு பெயரில் சேமித்து
அவரை எடுத்துவிட்டு இவரை வைத்தேன்.
கருத்த முகம்.
நீல மேகத்தில் இருண்டுபோனது.
மேகத்தை மறுபடியும் வெள்ளையாக்கினேன்.
புறா இருந்த இடத்திலேயே இருந்தது.
புள்ளிக்கோட்டை அழித்துத் தேதி அடித்தேன்.

எட்டு மணிச் செய்தியில்
திருத்தந்தை தேறிவருகிறார் என்றார்கள்.
பிரிண்ட் இன்னும் பாதிதான் வந்திருந்தது,
நெற்றியும் கண்ணும்.

"அந்த ஐநூறை இதுல கழிச்சிக்கோ" என்றார் தொபியாஸ்.
"அவருக்கு அப்புறம் பாத்துக்கிடலாம்."

நானே கொண்டுபோய்க் கட்டினேன்.
கோயிலுக்கு முன்னால் போன வாரமே
பத்துக்கு எட்டுக்குக் கம்பு நட்டு வைத்திருந்தார்கள்.
கயித்தானை நடுவில் இழுத்துக் கட்டிய பிறகு
மிச்ச இடத்தில் கடல் தெரிந்தது.